மழையில் நின்றுபோகும் வண்டி: கோளாறு பிளக்கிலா, பிளக்கைச் சுற்றியுள்ள ஈரத்திலா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் ஓடிய 125 சிசி கார்ப்ரேட்டர் வண்டி. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. அடைமழையில் போனால் இழுவை குறைந்து, வெட்டி வெட்டி ஓடி, கடைசியில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்திவைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் இரண்டு முறை ஸ்பார்க் பிளக்கை, அதாவது சிலிண்டருக்குள் பொறி கொடுத்துப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கை, மாற்றிவிட்டார், அடுத்த மழையிலும் அதேதான். பிளக் எப்படி வேலை செய்கிறது, ஈரம் பட்டால் என்ன செய்வது, இரிடியம் என்ற உலோகத்தில் முனை செய்த பிளக் போட்டால் தீருமா என்று தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. உடைந்த பொருள் சும்மா நின்றால் சரியாகாது. அரை மணியில் சரியாகிறது என்றால், எஞ்சின் சூட்டில் ஏதோ ஓர் இடம் காய்கிறது என்று அர்த்தம். புது பிளக்கிலும் அதே கோளாறு வருவதால் அந்த இடம் பிளக்கின் உள்ளே இல்லை. பெரும்பாலும் பிளக்கின் தலையில் மாட்டும் கேப்பிலோ, அதற்கு உயர் அழுத்த மின்சாரம் கொண்டுவரும் எச்.டி. ஒயரிலோ, பிளக்கின் வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்திலோதான் இருக்கும். பிளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்ட் பாதி வழியிலேயே எர்த்தில், அதாவது எஞ்சினின் உலோக உடம்பில், இறங்கிவிடுகிறது. அது ஏன் இறங்குகிறது என்று புரிந்துகொண்டால் எந்த மழையிலும் நீங்களே சமாளித்துக்கொள்ளலாம்.

வண்டி பாட்டரி 12 வோல்ட். பிளக் முனைகளுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர். அந்தத் துளி இடைவெளியைத் தாண்டக்கூட 12 வோல்ட்டால் முடியாது. காற்று கரண்டைக் கடத்தாத பொருள். அதைக் கடத்த வைக்க வேண்டுமானால் அழுத்தம் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற வேண்டும். அந்த வேலையைச் செய்வது காயில். உங்கள் வண்டி போன்றவற்றில் சி.டி.ஐ. பெட்டி முதலில் கரண்டைச் சில நூறு வோல்ட்டாக ஏற்றிச் சேர்த்துவைத்து, சரியான நேரத்தில் மொத்தமாகக் காயிலுக்குள் விடும். காயிலின் இரண்டாவது கம்பிச் சுருளில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் இருப்பதால் அது பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டாகி எச்.டி. ஒயர் வழியே கிளம்புகிறது.

அது பிளக்கின் நடு முனைக்கு வந்ததும் இடைவெளியில் உள்ள வாயு அணுக்கள் பிய்ந்து, மின்சாரம் ஓடக்கூடிய ஒரு மெல்லிய பாதை உருவாகும். அதுதான் பொறி. 6,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், ஓடும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று வீதம் ஒரு விநாடிக்கு 50 பொறி வேண்டும். நிறைய பைக்குகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி அடிப்பதால், அங்கே அது 100 ஆகிறது. இதில் நாலைந்து தவறினாலும் கையில் ஆக்சிலரேட்டர் பிடித்திருக்கும் நமக்கு உடனே தெரிந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. திறந்த வெளியில் 0.7 மில்லிமீட்டரைத் தாண்ட மூவாயிரம் வோல்ட் அளவு போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை அமுக்கிய நேரத்தில் அதே இடைவெளியைத் தாண்டப் பத்தாயிரத்துக்கு மேல் தேவைப்படும். வாயு நெருக்க நெருக்கப் பொறி பாய்வது கஷ்டம். அதனால்தான் பிளக்கைக் கழற்றி எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் வைத்துக் கிக்கர் அடித்து, "பொறி வருதே, பிளக் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவதில் பாதி உண்மைதான் இருக்கிறது. வெளியே வரும் பொறி உள்ளேயும் வரும் என்று உத்தரவாதம் இல்லை. ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது சிலிண்டர் நிறையக் கலவை போய் அழுத்தம் இன்னும் ஏறும், வோல்ட்டும் அதிகமாகத் தேவைப்படும். மெதுவாகப் போனால் ஓடுகிறது, முறுக்கினால் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் கரண்ட் எங்கோ கசிகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

மின்சாரம் எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். உள்ளே இடைவெளியைத் தாண்டப் பன்னிரண்டாயிரம் வோல்ட் வேண்டும், வெளியே பீங்கான் மேல் படிந்த ஈரத்தின் வழியாக எர்த்துக்குப் போக ஐயாயிரம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வெளியிலேயே இறங்கிவிடும். உள்ளே வோல்ட் பன்னிரண்டாயிரத்தை எட்டவே எட்டாது. பிளக் புதிதா பழையதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

அதைத் தடுக்கத்தான் அந்த வெள்ளைப் பீங்கான். அது சாதாரணப் பீங்கான் இல்லை, அலுமினா. சூட்டையும் தாங்கும், மின்சாரத்தையும் தடுக்கும். நிறைய பிளக்குகளில் அதன் மேல் வளையம் வளையமாக வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகப் போட்டதல்ல. மேலே உள்ள முனையிலிருந்து கீழே இரும்பு உடம்பு வரை நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். வரிகள் ஏறி இறங்குவதால் மேற்பரப்பில் ஊர்ந்து வரும் கரண்டுக்கு அந்தத் தூரம் நீளமாகிறது. மின்கம்பத்தில் உள்ள இன்சுலேட்டர் அடுக்கடுக்காகக் குடை விரித்தது போல் இருப்பதும் இதே கணக்குதான்.

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் இது நன்றாகக் கண்ணில் படும். உப்பளக் காற்று அடிக்கும் இடங்களில் அதிகாலைப் பனி இறங்கும்போது, கம்பத்தில் இன்சுலேட்டர் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைவதைக் கேட்கலாம். கனமழையில் கேட்காத சத்தம் லேசான பனியில் கேட்கும். சுத்தமான தண்ணீர் கரண்டை அவ்வளவாகக் கடத்தாது. அதில் உப்பும் புழுதியும் கரைந்தால்தான் கடத்தும். கனமழை அந்த உப்பைக் கழுவிவிடுகிறது, பனியோ அதை நனைத்து மட்டும் விடுகிறது. பிளக்கிலும் அப்படியே. மழை நீர் நேராகச் சொட்டுவதைவிட, முன் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர், ஏற்கெனவே கேப்புக்குள் படிந்திருக்கும் தூசியோடு சேர்வதுதான் ஆபத்து. கடலோர ஊர்களில் ஓடும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

காற்றில் உள்ள ஈரப்பதம் பிளக்கைக் கெடுக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆவியாக இருக்கும்வரை கெடுக்காது. 30 டிகிரியில் முழுதாக ஈரம் கோத்த காற்றில்கூட நீராவி நாலு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். பிளக் அதைப் பொருட்படுத்தாது. ஆவி குளிர்ந்து படலமாகப் படியும்போதுதான் தொல்லை.

உங்கள் வண்டியில் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். இருட்டிய பிறகு வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தலைக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரோடு ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து, கேப் மீதும் ஒயர் மீதும் காயில் மீதும் லேசாகத் தூவுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் பார்த்தால், கசியும் இடத்தில் மயிரிழை போல ஒரு நீலக்கோடு துடிக்கும். கேப்பின் அடி விளிம்பிலிருந்து ஹெட்டுக்கு அது தாவுவதைப் பார்க்கலாம், 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். அந்த நேரம் எஞ்சின் ஓட்டமும் தடுமாறும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அடி வாங்கினால் தோள்வரை சுண்டும். இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைப் பக்கமே வரக் கூடாது. பெட்ரோல் ஒழுகல் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே இதைச் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள், உப்பு அங்கேயே தங்கக் கூடாது.

ஒருமுறை அப்படித் தாவிய இடம் பழைய நிலைக்குத் திரும்பாது என்பதையும் சொல்ல வேண்டும். பொறி ஊர்ந்த தடத்தில் மெல்லிய கரிக்கோடு விழும். கரி கரண்டைக் கடத்தும். அடுத்த முறை ஈரம் இல்லாவிட்டாலும் அதே வழியில் கரண்ட் இறங்கப் பழகிவிடும். பீங்கானில் பென்சிலால் கோடு போட்டது போல நெடுக்காகத் தெரிந்தால் பிளக்கையும் கேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றில் தடம் இருந்தால் மற்றதன் உள் சுவரிலும் இருக்கும். உங்கள் மெக்கானிக் பிளக்கை மட்டும் மாற்றியதால்தான் பிரச்சினை தீரவில்லை என்று நினைக்கிறேன். இரும்பு உடம்புக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உயர் அழுத்த மின்சாரம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைத்த கறை அது. பலர் அதைக் கம்ப்ரஷன் லீக், அதாவது சிலிண்டர் வாயு பிளக் வழியே கசிவது, என்று நினைத்து நல்ல பிளக்கைத் தூக்கி எறிகிறார்கள்.

செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். பெரும்பாலான பைக்குகளில் கேப் ஒயரில் திருகி ஏற்றப்பட்டிருக்கும். இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியைப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுக் கேப்பைத் திருகி ஏற்றுங்கள். கேப்பின் இரண்டு முனையிலும் ரப்பர் சீல் இருக்க வேண்டும், அது இல்லாத மலிவுக் கேப் வேண்டாம். ரப்பரின் உள்விளிம்பில் சிலிக்கான் கிரீஸ், அதாவது கடைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டால் கிடைப்பது, ஒரு பட்டாணி அளவு தடவுங்கள். தண்ணீர் நுழையும் இடுக்கை அது அடைத்துவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், அதைத் தொடாதீர்கள். ஒயர் கெட்டியாகி, வளைத்தால் வெடிப்புத் தெரிகிறது என்றால் அதையும் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் ஒயரும் காயிலும் ஒன்றாகவே வரும், அப்படியானால் காயிலோடுதான் மாற்ற முடியும்.

பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் சில வண்டிகளில் தண்ணீர் வடிய ஹெட்டின் ஓரமாக ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். சேறு அடைத்துக்கொண்டால் குழியில் தண்ணீர் தேங்கி, பிளக் குளத்தில் நிற்பது மாதிரி ஆகிவிடும். ஒரு கம்பியை விட்டுக் குடைந்து விடுங்கள். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் வண்டி மக்கர் செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முன் மட்கார்டின் அடியில் இருந்த ரப்பர் மடல் கிழிந்து போயிருந்தால் புதிது போட்டுவிடுங்கள், எஞ்சின் மேல் அடிக்கும் தண்ணீர் வெகுவாகக் குறையும்.

இதுவரை சொன்னது வெளி ஈரம். கழற்றிப் பார்க்கும்போது பிளக்கின் அடி முனை ஈரமாக இருந்தால் அது வேறு கணக்கு. முதலில் மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஊதினால் சட்டென்று காய்ந்தால் பெட்ரோல். வாடை இல்லாமல் முத்து முத்தாக நின்றால் தண்ணீர். கறுத்து, விரலில் வழுக்கினால் ஆயில். ஆயில் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை, மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிவதால் ஓரளவு ஆயில் படிவது வழக்கம்தான்.

பெட்ரோலில் நனைந்த பிளக்கை மழைக்காலத்தில் அதிகம் பார்க்கலாம். ஈரத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரை மிதித்துக்கொண்டே இருப்போம். எரியாத பெட்ரோல் முழுதும் பிளக்கின் மூக்கில், அதாவது சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் பீங்கான் நுனியில், போய் ஒட்டும். பெட்ரோல் தானாகக் கரண்டைக் கடத்தாது. ஆனால் மூக்கில் ஏற்கெனவே இருக்கும் கரியோடு சேர்ந்து ஊறிய படலம் கடத்தும், பொறி அதிலேயே கசிந்து போகும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தாலும் இதேதான் நடக்கும். காற்று குறைந்து, கலவையில் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கறுக்கும்.

நல்ல நிலையில் உள்ள பிளக் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். மூக்கின் சூடு சுமார் 450, 500 டிகிரியைத் தாண்டினால் படியும் கரி எரிந்துவிடும். 800 டிகிரிக்கு மேலே போனால் பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும்படிதான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் பிளக்கின் சூட்டு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைக்காரர் நீட்டியதை வாங்காமல் வண்டிப் புத்தகத்தில் உள்ள எண்ணையே கேளுங்கள். என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த ரகம் (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது), பாஷ் பிளக்கில் எண் ஏற ஏறச் சூடான ரகம் (சூட்டைத் தக்கவைப்பது). நேர் எதிரானது என்பதால் இதில் குழம்பியவர்கள் ஏராளம். தெருமுனைக் கடைக்கும் திரும்ப வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் பிளக் அந்த 450 டிகிரியை எட்டாமலே இருந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை அவ்வப்போது பைபாஸில் இருபது நிமிடம் ஓட்டுவது பிளக்குக்கு நல்லது.

பெட்ரோல் ஊறிவிட்டால் சோக்கை மூடிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்து, ஏழெட்டு கிக் அடியுங்கள். காற்று மட்டும் போய் உள்ளே காயும். அதிலும் வரவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிச் சுத்தமான துணியால் துடைத்து, நல்ல காற்றோட்டத்தில் காயவையுங்கள். பழைய ஆட்கள் லைட்டரால் முனையைச் சுட்டுக் காயவைப்பார்கள். பெட்ரோல் ஊறிய பிளக்கை வண்டிக்குப் பக்கத்தில் நெருப்பில் காட்டுவதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. உப்புத்தாள் போட்டு முனையை லேசாகத் தேய்க்கலாம். கம்பி பிரஷ்ஷைப் பீங்கான் மூக்கில் மட்டும் படவிடாதீர்கள். பிரஷ்ஷின் உலோகம் பீங்கானில் கோடாக ஒட்டி அதுவே கரண்டுக்கு வழியாகிவிடும்.

முனையில் இருப்பது தண்ணீர் என்றால் இரண்டு வழியில் வந்திருக்கலாம். ஒன்று, எரிந்த பெட்ரோலிலிருந்தே. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. சைலன்சர் சூடாகும் முன் சொட்டுவது அதுதான். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் அணைத்துவிட்டால், அந்த ஆவி பிளக்கிலேயே குளிர்ந்து படிந்து அடுத்த ஸ்டார்ட்டைக் கெடுக்கும்.

மற்றொரு வழி டாங்க். டாங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைத் தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் குழாயும் இருக்கும். அது அடைத்தால் தண்ணீர் மூடி வழியே உள்ளே இறங்கும். கார்ப்ரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்குரூவைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர் இருக்கிறது. இப்போது பங்க்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மழையில் நனைந்து மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இதை முதலில் பாருங்கள்.

இனி இரிடியம். அதன் உருகுநிலை சுமார் 2,450 டிகிரி என்பதால் நடு முனையை ஊசி போல மெல்லிசாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் பொறி குறைந்த வோல்ட்டிலேயே பாயும், முனை தேயவும் நாளாகும். தேவைப்படும் வோல்ட் குறைவதால் கசிவு லேசாக இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேப் நனைந்து கரண்ட் மொத்தமாக எர்த்துக்குப் போகும்போது இரிடியம் பிளக்கும் சாதாரண நிக்கல் பிளக்கும் ஒன்றுதான். அதனால் முதலில் கேப், அடுத்து ஒயர். அதற்குப் பிறகும் காசு மிச்சம் இருந்தால் இரிடியம் போடுங்கள், போட்டால் அதன் முனையை வளைத்து இடைவெளி சரி செய்யவோ பிரஷ் போடவோ வேண்டாம். மெக்கானிக் கழற்றிய அந்த இரண்டு பிளக்கும் அநேகமாக நல்லவைதான், ஒன்றை ஸ்பேனரோடு வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது கையாலேயே முழுதும் திருகி, முட்டிய பிறகு புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் இன்னும் மிகக் குறைவாக ஸ்பேனரால் இறுக்கினால் போதும். அலுமினிய மரை, பலம் காட்டினால் போய்விடும்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரியான நேரத்தில் எஞ்சின் வரை முங்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை அணைத்தபடியே கிக்கரை மெதுவாகக் கையால் அமுக்குங்கள், உள்ளே இருப்பது பிளக் ஓட்டை வழியே பீய்ச்சி வெளியே வரும். வருவது நின்ற பிறகு ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஏர் ஃபில்டரைக் காயவைத்து அல்லது புதிது போட்டு, டாங்க்கையும் கார்ப்ரேட்டரையும் வடித்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சிறிது நேரம் ஓடவிட்டு ஆயிலை மறுபடி பாருங்கள், இன்னும் வெளுத்திருந்தால் இரண்டாவது முறையும் மாற்ற வேண்டியிருக்கும்.